ஐந்தாவது குருவி

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 17ஆம் ஞாயிறு. நற்செய்தி: மத்தேயு 13:44-52)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் மூன்று உவமைகளைச் சொல்கிறார். புதையல், முத்து, வலை. மறையுரை வைக்கிற நமக்கு ஒரு பழக்கம் உண்டு. புதையலுக்குப் பத்து நிமிடம், முத்துக்கு ஐந்து நிமிடம் செலவழித்துவிட்டு, வலையிடம் வந்து சேரும்போது விசுவாச அறிக்கைக்கு எழுந்துவிடுவோம். ஆனால் நம் குமரிக் கடற்கரையில் புதையல் உள்ள வீடு எது, முத்து உள்ள வீடு எது? வலை இல்லாத வீட்டைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். ஆகவே இன்று வலையைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஆண்டவர் சொன்னது எந்த வலை? மத்தேயு எழுதிய கிரேக்கச் சொல் 'சகேனே'. வீச்சுவலைக்கு அந்த மொழியில் வேறு சொல் இருக்கிறது. சகேனே என்றால் நம் கரமடியேதான். ஒரு கயிற்றின் தலைப்பைக் கரையில் பிடித்துக்கொள்வார்கள். வள்ளம் உள்ளே போய் வலையை வளைத்துவிட்டு மறுதலைப்பைக் கரைக்குக் கொண்டுவரும். பிறகு இரண்டு பக்கமும் ஆள் நின்று, பாட்டுச் சொல்லி, குதிகால் மணலில் புதையப் புதைய இழுப்பார்கள். கலிலேயாவிலும் அப்படித்தான். மடி கரையேறியதும் அவர்கள் உட்கார்ந்து பிரித்தார்கள் என்று நற்செய்தி சொல்கிறது. அந்த 'உட்கார்ந்து' என்ற சொல்லை நாம் பல ஆண்டுகள் கவனிக்காமலே வாசித்திருக்கிறோம். வேலை தெரிந்தவர் ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துச் சொன்ன சொல் அது.

நல்லதைக் கூடையில் சேர்த்தார்கள், ஆகாததை வெளியே போட்டார்கள். யூதருக்கு எது ஆகாதது? செதிளும் துடுப்பும் இல்லாத மீனை உண்ணக் கூடாது என்று லேவியர் நூல் 11ஆம் அதிகாரம் சொல்கிறது. கலிலேயக் கடலில் கெளுத்தி உண்டு. நம் வீட்டில் கெளுத்தி அடுப்பேறினால் தெருவே மணக்கும், பேதுருவின் வீட்டில் அது வாசல்படி ஏறாது. உவமையின் பொருள் இறுதித் தீர்ப்பு. அதன் கடுமையைக் குறைத்துச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். நல்லார் பொல்லாரைப் பிரிக்கிற வேலையை ஆண்டவர் வானதூதரிடம், அதுவும் உலக முடிவுக்கென்று ஒப்படைத்திருக்கிறார். நாமோ வலையில் ஏறியதையெல்லாம் இன்றே பிரித்து முடித்துவிடுகிறோம். அளவுகோலும் ஒன்றே ஒன்றுதான். விலை போகிறதா, போகவில்லையா?

கரமடியில் ஏறுவது உயிரோடு ஏறும். வேண்டாததை உடனே கடலில் விட்டால் நீந்திப் போகும். இழுவைமடியின் கதை வேறு. 1952இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் ஒப்பந்தம் போட்டு, அடுத்த ஆண்டு கொல்லம் பக்கத்து நீண்டகரையில் தொடங்கிய திட்டத்திலிருந்து நம் பக்கத்துக் கடலில் விசைப்படகின் காலம் பிறந்தது. இறாலுக்கு வெளிநாட்டில் விலை கிடைத்ததும் இழுவைமடி பெருகியது. கட்டுமரக்காரருக்கும் விசைப்படகுக்காரருக்கும் இடையே இந்த மாவட்டத்தில் எத்தனை சண்டைகள், எத்தனை சமாதானப் பேச்சுகள் நடந்தன என்பதை நம் பெரியவர்கள் அறிவார்கள். அந்தப் பழைய வழக்கை இன்று திறக்கப்போவதில்லை. நம் பங்குகளில் ஒரே வீட்டில் அண்ணன் வள்ளத்துக்கும் தம்பி விசைப்படகுக்கும் போகிறான். இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்று நற்கருணை வாங்குகிறார்கள்.

அப்படி ஒரு தம்பி. வயது இருபத்துமூன்று. நம் பங்குப் பிள்ளைதான், வெளித்துறைமுகம் ஒன்றில் தொழில். இந்த ஆண்டு தவக்காலத்தில் ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்து கோவில்பிள்ளை விளக்கை அணைத்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றான். பாவசங்கீர்த்தனத்துக்கு வரவில்லை. சும்மா சொல்லிவிட்டுப் போக வந்தவன். நாம் சொல்லலாமா என்று கேட்டதற்கு, பேர் வேண்டாம், மற்றதைச் சொல்லுங்கள் என்று அனுமதி தந்திருக்கிறான்.

மூன்று மணி நேரம் இழுத்த மடியை வின்ச்சில் ஏற்றி, பையின் கட்டை அவிழ்த்துத் தட்டில் கொட்டியபோது மீனோடு ஓர் ஆமையும் விழுந்ததாம். பெரிய பங்குனி ஆமை. அசைவே இல்லை. "அதுக்க கண்ணு தெறந்திருந்து சாமி. செத்துப் போச்சுன்னு ஸ்ராங்கு சொன்னாரு. கரைக்கிக் கொண்டுவந்தா கேசு ஆவும், வேகம் தூக்கிப் போடுலேன்னாரு. நானும் இன்னொருத்தனும் தூக்கிப் போட்டோம். போட்டப்பம் அதுக்க கை ஒண்ணு அசைஞ்ச மாதிரி இருந்து. தண்ணி ஆட்டினதாவும் இருக்கலாம்."

நாம் என்ன சொன்னோம்? "நீ வேணும்னு செய்யலியே. உன் பேரில் தப்பில்லை. போய்ச் சாப்பிடு" என்றோம். அவனும் போய்விட்டான். அவ்வளவு விரைவாக ஆறுதல் சொல்வதில் நமக்குப் பயிற்சி அதிகம்.

ஆமைக்கு மீனைப்போலச் செவுள் கிடையாது. நம்மைப்போல நுரையீரலில் மூச்சுவிடும் உயிர் அது. மேலே வந்து காற்று வாங்கிப் போக வேண்டும். வலைக்குள் மாட்டி அடித்துப் புரண்டால் மூச்சு இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். மூன்று மணி நேரம் இழுத்தால் அது தண்ணீரில் மூழ்கித்தான் சாகும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். வீங்கிய கழுத்து, பிதுங்கிய கண். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. முட்டையிடும் காலமான ஜனவரி முதல் ஏப்ரல் வரை, முட்டையிடும் கரைகளின் பக்கத்தில் 5 கடல்மைலுக்குள் இழுவைமடி போடக்கூடாது என்று தமிழ்நாட்டில் 2016இலேயே விதி வந்துவிட்டது. விதி கரையில் இருந்தது, படகு கடலில் இருந்தது. நம் குமரிக் கரையிலும் அந்தக் காலத்தில்தான் ஆமை இரவில் ஏறி, மணலைத் தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுத் திரும்புகிறது. பொரிக்கிற குஞ்சில் ஆயிரத்துக்கு ஒன்று வளர்ந்து ஆளானால் பெரிது என்பார்கள்.

இது ஆமையோடு நிற்கும் கதை இல்லை. உலகின் தென்கடலில் அல்பட்ராஸ் என்றொரு பறவை உண்டு. அதில் பெரிய இனம் சிறகை விரித்தால் ஒரு நுனிக்கும் மறு நுனிக்கும் மூன்று மீட்டருக்கு மேல் இருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு முட்டை. முதல் முட்டையிடவே பத்து வயதளவு ஆகும். மீன் தலையும் குடலும் தேடி இழுவைக் கப்பலின் பின்னால் இவை கூட்டமாக வரும். கப்பலிலிருந்து மடிக்குப் போகும் கம்பிவடம் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் விரித்த சிறகு மாட்டிக்கொள்ளும். வடம் பறவையைக் கீழே இழுத்துவிடும். மேலே ஏற்றும்போது பெரும்பாலும் உடல்கூட வடத்தில் இருப்பதில்லை. அதனால் கப்பல்காரர்களே வெகுகாலம் இதை அறியவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஆள் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அங்குள்ள ஒரே ஒரு இழுவைமீன் தொழிலில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 கடற்பறவைகள் செத்துக்கொண்டிருந்தன.

நம் பிள்ளைகளுக்குக் கடற்பறவை அந்நியம் இல்லை. ஆலா கூட்டமாக விழுந்து எழும் இடத்தைப் பார்த்துத்தானே வள்ளத்தைத் திருப்புகிறோம்? அங்கே நெத்தோலியோ சாளையோ நிற்கிறது என்று சொல்லித் தருவது அதுதான். கூலி கேட்காத வழிகாட்டி.

இனி குருவிக்கு வருவோம். மத்தேயு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் கணக்கு: ஒரு காசுக்கு இரண்டு குருவி. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் கணக்கு மாறுகிறது: இரண்டு காசுக்கு ஐந்து குருவி. ஒரு காசுக்கு இரண்டு என்றால் இரண்டு காசுக்கு நான்குதானே வர வேண்டும்? ஐந்தாவது எங்கிருந்து வந்தது? மீன்சந்தையில் பேரம் பேசிப் பழகிய நம் தாய்மாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அது கொசுறு. இரண்டு காசுக்கு வாங்குகிறவருக்கு வியாபாரி மேலே தூக்கிப் போடும் குருவி. அதற்கு விலையே இல்லை. நாசரேத்துச் சந்தையில் தாயோடு நின்று ஆண்டவர் இந்தக் கணக்கைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்கிறார். ஒன்றைக்கூட என்றால் கொசுறையும் சேர்த்துத்தான்.

இழுவைமடியில் தேடாமல் ஏறுகிற ஆமையும், வடத்தில் மாட்டுகிற பறவையும், கோழித்தீவனத்துக்கும் மீன்மாவு ஆலைக்கும் கழிவுமீன் என்று அள்ளிக் கொட்டுகிற விரல்நீளக் குஞ்சும் நம் காலத்துக் கொசுறுகள். பிடித்ததில் பெரும்பகுதியைத் தூக்கி எறியும் மீன்பிடி முறைகளைப் பற்றி மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் வருத்தத்தோடு குறிப்பிடுகிறார்.

இந்த இடத்தில் ஒரு தாய் நம்மை நிறுத்திக் கேட்பார். கேட்டும் இருக்கிறார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் மகனைக் கடலுக்குக் கொடுத்தவர். "ஆமைக்குக் கணக்கெடுக்கியாவ சாமி. எனக்க பிள்ளைக்கிக் கணக்கெடுக்க யாரு வந்தா?" அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டு இந்த மறையுரையைத் தொடர நமக்கு உரிமை கிடையாது. அந்த நாட்களில் காணாமற்போனோர் எத்தனை பேர் என்று ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்கள். ஒவ்வொரு பங்கிலும் வீடு வீடாகப் போய், பேர், வயது, படகு, எப்போது புறப்பட்டார் என்று எழுதி எடுத்தோம். கணக்கில் சேராத ஆட்களாக நம் ஆட்களே இருந்தார்கள். ஒக்கியில் அந்த வலி அறிந்த கரை இது. ஆமையின் பக்கம் பேசினால் அந்தப் பிள்ளையின் பக்கம் பேச்சு குறைந்துவிடும் என்று அந்தத் தாய் அஞ்சுகிறார். அச்சம் நியாயமானது. ஆனால் லூக்கா நற்செய்தியை மறுபடி பாருங்கள். குருவியைச் சொன்ன அதே மூச்சில் ஆண்டவர் நம் தலைமுடி எண்ணப்பட்டிருக்கிறது என்கிறார். குருவியை எண்ணுகிறவர்தான் முடியையும் எண்ணுகிறார். ஒன்றை எண்ணினால் மற்றது குறைந்துபோகும் கணக்கு அவரிடம் இல்லை.

இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தில் சிறிய கட்டளை ஒன்று உண்டு. வழியில் குருவிக்கூடு கண்டால், முட்டை மேலோ குஞ்சு மேலோ தாய் உட்கார்ந்திருந்தால், தாயையும் சேர்த்துப் பிடிக்காதே. அதைப் போகவிடு. குஞ்சை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. பசியறியாதவன் எழுதிய சட்டம் இல்லை இது. தாயை விட்டுவிட்டால் நெடுநாள் நலமாய் வாழ்வாய் என்று ஒரு வாக்குறுதியும் சேர்த்திருக்கிறது. பத்துக் கட்டளைகளில் தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் கட்டளைக்கு எந்த வாக்குறுதியோ, ஏறக்குறைய அதே வாக்குறுதி. ஒரு குருவிக்கு! பங்குனியில் நம் கரையை நோக்கி வரும் ஆமையில் பெண் ஆமை வயிற்றில் முட்டையோடுதான் வருகிறது.

தாயைப் போகவிடுவதற்கு வழி இருக்கிறது. மடியின் பைக்கு முன்னால் கம்பிச்சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்துகிறார்கள். இறாலும் சிறுமீனும் கம்பியிடைவெளியில் நுழைந்து பைக்குப் போகும். ஆமை சட்டத்தில் முட்டி, அங்கே விட்டிருக்கும் திறப்பு வழியாக வெளியேறும். நம் நாட்டுக்கு ஏற்ற வடிவத்தைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் செய்து தந்திருக்கிறது. இந்தக் கருவியின் பிறப்பு சுவையானது. 1968இல் அமெரிக்காவின் ஜார்ஜியா கரையில் இறால் பிடிக்கும் ஒருவர், மடியில் சொறி நிறைந்து தொல்லையாகிறதே என்று தன் பாட்டுக்குச் செய்த சட்டம் அது. ஆமையும் அதில் தப்புவது பிறகுதான் தெரிந்தது. பறவைக்கும் அப்படியே. கப்பலின் பின்புறம் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, அதில் வண்ண நாடாக்களைத் தொங்கவிட்டால் பறவை வடத்தின் பக்கம் வராது. தூண்டில் இரையைப் பறவை கொத்திப் போகிறதே என்று ஜப்பானிய சூரைமீன் தொழிலாளர் கண்டுபிடித்த யுக்தி. தென்னாப்பிரிக்க இழுவைக் கப்பல்களில் இந்தக் கயிறு கட்டத் தொடங்கிய சில ஆண்டுகளில் அல்பட்ராஸ் சாவு 99 விழுக்காடு குறைந்தது. பக்கத்து நமீபியாவில் அந்த நாடாக்கயிறுகளைத் துறைமுக ஊர் மகளிர் குழு ஒன்று பின்னி விற்கிறது. இரண்டு யுக்தியும் கடலுக்குப் போகிறவன் கையில் பிறந்தவை என்பதை நம் இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நம் பக்கத்தில் அந்தச் சட்டத்தைப் பலர் பொருத்துவதில்லை. காரணம் கேட்டிருக்கிறோம். பெரிய மீனும் அந்தத் திறப்பில் போய்விடும், ஆமையில்லாக் கடலிலும் ஏன் மாட்ட வேண்டும், டீசலும் ஐசும் கழித்துக் கையில் நிற்கும் பங்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் சட்டம் பொருத்தாததற்காக 2019 முதல் இந்தியக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. அந்த இழப்பும் பங்கில்தான் விழுகிறது. கரையிலிருந்து விதி எழுதுகிறவர்கள் தொழிலாளியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருந்தால் இந்த இழுபறி இத்தனை ஆண்டு நீண்டிருக்காது என்பது நம் எண்ணம். படகு உரிமையாளர்களிடமும் ஒரு வார்த்தை: சட்டத்தை வாங்கிப் பொருத்தும் முடிவு உங்களுடையது. கூலிக்கு வரும் பையன் தலையில் அதை வைக்காதீர்கள்.

நாம் தொடங்கிய தம்பியிடம் திரும்புவோம். அவனுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிச் சில வாரம் கழித்து, ஆமை பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது நம் கண்ணில் பட்டது: வலையில் அசைவில்லாமல் வருகிற ஆமை எல்லாம் செத்த ஆமை இல்லை. மூச்சுத் திணறி மயங்கிக் கிடக்கும். மல்லாத்திப் போடாமல் வயிறு கீழாக வைத்து, பின்பக்கத்தை அரையடி உயர்த்தி, நிழலில், ஈரத்துணி போர்த்தி வைத்தால் நுரையீரலில் ஏறிய நீர் வடியும். நான்கு மணி நேரத்திலும் எழும்பலாம், ஒரு நாள் முழுக்கவும் ஆகலாம். எழும்பாமலே போவதும் உண்டு. எழும்பினால் இஞ்சினை நியூட்ரலில் போட்டு, வலை இல்லாத பக்கமாக மெதுவாக இறக்கிவிட வேண்டும். மயங்கிய ஆமையை அப்படியே கடலில் போட்டால் மூழ்கிச் செத்துவிடும்.

வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தோம். அசைந்த அந்தக் கையை நினைத்தோம். உன் பேரில் தப்பில்லை என்று அவனிடம் சொன்னது சரிதான், அவனுக்குத் தெரியாது. ஆனால் நமக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுப்பிவிட்டோம் என்பதை என்ன சொல்ல? அவன் தேடி வந்தது ஆறுதலை என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். அவனுக்கு வேண்டியிருந்தது வேறு.

தடைக்காலத்தில் அவன் ஊரில்தான் இருக்கிறான். போன வாரம் கூப்பிட்டு வாசித்ததைச் சொன்னோம். சொல்லாமலே விட்டுவிடலாமா, பையன் மனம் நோகுமே என்றும் ஒரு யோசனை ஓடியது. சொன்னோம். வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்பம் அது உயிரோட இருந்திருக்கும்?" என்றான். இருந்திருக்கலாம் என்றோம். அதைவிட அழகாகச் சொல்ல ஒரு சொல் நம்மிடம் இல்லை. பிறகு, "ஒரு நாளு முழுக்கத் தட்டில போட்டிருக்க ஸ்ராங்கு சம்மதிக்கணுமே சாமி" என்றான். "கரைக்குக் கொண்டுவர வேண்டாம், அங்கேயே இறக்கிவிடத்தானே?" என்றோம். "ஐசுப் பெட்டிக்கப் பின்னால நெழல் உண்டு. பழைய வலையைச் சுருட்டி அடியில வச்சா பொறம் பொங்கும்" என்று தன்பாட்டில் கணக்குப் போட்டான். ஸ்ராங்கும் நம் மறைமாவட்டத்துக்காரர்தான். அவரிடம் நாம் பேசட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், நானே பேசுகிறேன் என்றான்.

இந்த மாதம் 31ஆம் நாள் நள்ளிரவோடு மேற்குக்கரைத் தடைக்காலம் முடிகிறது. அன்று மாலை துறைமுகத்தில் படகுகளை மந்திரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் படகும் வரிசையில் நிற்கும். தீர்த்தம் தெளித்துக்கொண்டு போகும்போது ஐசுப் பெட்டிக்குப் பின்னால் பழைய வலை சுருட்டி வைத்திருக்கிறதா என்று பார்ப்போம்.

உங்கள் படகுகளையும், அவற்றில் போகும் பிள்ளைகளையும், கரையில் காத்திருக்கும் உங்களையும் எல்லாம் வல்ல இறைவன் ஆசீர்வதிப்பாராக. தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே. ஆமென்.